எதுவும் வளரவில்லை

றொபேட் கொக் தன் ஆய்வுகூடத்தைப் பேர்லினில் வைக்காமல் மட்டக்களப்பின் செங்கலடியில் வைத்திருந்தால் பற்றீரியவியல் கொஞ்சம் பிந்தித்தான் பிறந்திருக்கும். பற்றீரியாக்களைத் தனித்தனிக் கொலனிகளாகப் பிரித்து வளர்க்க 1881இல் அவர் சொன்ன வழி, இறைச்சிச் சாற்றை ஜெலட்டின் போட்டு உறைய வைப்பது. ஜெலட்டினோ முப்பது பாகையை எட்டுவதற்குள் இளகத் தொடங்கிவிடும். சித்திரை மாதத்தில் மட்டக்களப்பு வாவிக்கரையில் எந்த மேசையில் வைத்தாலும் மத்தியானத்துக்குள் அது கூழாகிவிடும். பேர்லினிலும் கோடையில் இதே தொல்லைதான். போதாததற்கு, சில பற்றீரியாக்கள் ஜெலட்டினையே தின்று கரைத்துவிடும். மனித உடலின் 37 பாகையில் அதன் மேல் எதையும் வளர்த்துப் பார்க்க வழியில்லை.

தீர்வு சமையலறையிலிருந்து வந்தது. கொக்கிடம் பணியாற்றிய வால்ட்டர் ஹெஸ்ஸேக்கு அவருடைய மனைவி ஃபனி ஆய்வுகூட வேலையில் கைகொடுத்து வந்தார். நியூயோர்க்கில் பிறந்தவர். ஜாவாவில் இருந்துவிட்டு அங்கு வந்து குடியேறிய அயல்வீட்டாரிடம் சின்ன வயதிலேயே அவர் கற்றுக்கொண்ட பக்குவம் ஒன்று இருந்தது: வெயிலிலும் இளகாத ஜெலி வேண்டுமானால் ஏகார் போட வேண்டும். செங்கலடிக்கு அடுத்த ஊரான ஏறாவூரில் நோன்பு துறக்கிற நேரம் தட்டில் துண்டு துண்டாக வெட்டி வைக்கிற கடற்பாசி இதே சாமான்தான். 85 பாகைக்கு மேல் போனால்தான் அது உருகும். உருகியது 40 பாகைக்குக் கிட்ட இறங்கினால்தான் உறையும். பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியாது. காசநோய்க் கிருமியைப் பற்றிய தன் 1882ஆம் ஆண்டுக் கட்டுரையில் கொக் ஏகாரைப் போகிற போக்கில் ஒரு சொல்லாகக் குறிப்பிட்டார். அதைச் சொல்லிக்கொடுத்த பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை.

அன்று தொடங்கி இன்று வரை கிருமியியல் ஆய்வுகூடம் பாதி சமையலறைதான். மாவை நிறுத்து, தண்ணீர் விட்டு, கொதிக்க வைத்து, அழுத்தத்தில் அவித்து, ஆற வைத்து, கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள். இந்தக் கலவைக்கு வளர்ப்பூடகம் என்று பாடப்புத்தகத்தில் பெயர், ஆய்வுகூடத்தில் ‘மீடியா’. ஊற்றி உறைந்த கிண்ணம் ‘பிளேட்’. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சமைத்தவர் நாக்கில் ஒரு சொட்டு வைத்து உப்புப் பார்க்க முடியாது. கிருமியைத்தான் ருசி பார்க்க விட வேண்டும். அதைச் செய்யாத ஆய்வுகூடத்தில் என்ன நடக்கும் என்பதை இலங்கையின் கீழ்க்கரையில் வைத்தே பார்க்கலாம்.

* * *

செங்கலடிச் சந்தியில் மேற்கே பிரிகிற பதுளை வீதியால் போனால் கரடியனாறு, உறுகாமம், புல்லுமலை. வாவிக்கு மேற்கே படுவான்கரையின் வயல் வட்டைகள் இந்தப் பக்கம் முழுக்கப் பரந்து கிடக்கின்றன. பெரும்போக விதைப்பு முடிந்து பயிர் நிற்கிற கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை கொட்டும். முழங்கால் அளவு சேற்றில் வெறுங்காலோடு நிற்கிற வேளாண்மைக்காரருக்கு அந்த மாதங்களில் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு, அடுத்தது எலிக்காய்ச்சல். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. வெப்பநாடுகளின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பேர்க்ஹோல்டேரியா சூடோமாலை என்ற பற்றீரியா உண்டாக்கும் மெலியோய்டோசிஸ். கால் வெடிப்பு வழியாகவோ, மூச்சு வழியாகவோ, குடிக்கிற தண்ணீர் வழியாகவோ உள்ளே போகிறது. சீனி வருத்தம் உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கிறது. ஒருவருக்கு நியூமோனியா, இன்னொருவருக்கு ஈரலில் சீழ்க்கட்டி, வேறொருவருக்கு மூட்டு வீக்கம், பிள்ளைகளுக்குக் கன்னத்தில் கட்டி. காசநோய் என்று மாதக்கணக்கில் மருந்து குடித்தவர்களும் உண்டு.

இந்தக் கிருமிக்கு அம்பிசிலின் ஏறாது, ஜென்டாமைசினும் பெரும்பாலும் ஏறாது. காய்ச்சலுக்கு வழக்கமாக ஏற்றுகிற ஊசிகள் பல அதன் மேல் வேலை செய்வதில்லை. தாய்லாந்தின் வடகிழக்கில் நடந்து 1989இல் வெளியான ஆய்வு ஒன்றில், பழைய மருந்துக் கலவையின் இடத்தில் செப்டாசிடிம் கொடுத்தபோது கடுமையான நோயாளிகளின் இறப்பு 74 சதவீதத்திலிருந்து 37 ஆக, சரிபாதியாக இறங்கியது. அதாவது பெயர் தெரிந்தால் ஆள் பிழைக்க வழி உண்டு. பெயரை உறுதியாகச் சொல்லக்கூடியது வளர்ப்புச் சோதனை மட்டுமே: இரத்தம், சளி, சீழ், சிறுநீர் என்று கிடைப்பதை ஊடகத்தில் இட்டு, கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பது. நல்ல ஆய்வுகூடத்தில் கூட இந்தச் சோதனை பிடிப்பது நூற்றுக்கு அறுபது பேரை என்று தாய்லாந்துக் கணிப்பு ஒன்று சொல்கிறது. மீதி நாற்பது பேரின் கிண்ணத்தில் கிருமி முளைக்காது. ஊடகமும் பழுதென்றால் அந்த அறுபதும் தேயும்.

நோயை முதலில் கண்டவர்கள் றங்கூன் பொது மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்துவந்த அல்பிரட் விற்மோரும் அவருடைய உதவி மருத்துவர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும். 1911இல் மோர்பின் ஊசி போட்டுக்கொள்பவர்களின் உடல்களில் விசித்திரமான சீழ்க்கட்டிகளைப் பார்த்தார்கள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் போலிருந்தது. ஆனால் சீழை ஏகாரில் இட்டபோது வந்த கிருமி கிளாண்டர்ஸ் கிருமியை விட வேகமாக, செழிப்பாக வளர்ந்தது; நுண்காட்டியில் அசைந்தது; கிளிசரின் சேர்த்த ஊடகத்தில் சுருங்கிய தோல் போல மடிப்பு விழுந்தது. புதிய நோய் ஒன்றை அடையாளம் காட்டியவை இந்த மூன்றும்தான். விற்மோரின் பெயரால் அந்த நோயை இன்றும் சிலர் அழைக்கிறார்கள். கிருஷ்ணசுவாமியின் பெயர் அவர்கள் எழுதிய கட்டுரையில் இருக்கிறது, நோயின் பெயரில் இல்லை. ஃபனி ஹெஸ்ஸேயின் கதை இங்கும் நடந்திருக்கிறது.

இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927இல். அவர் ஓர் ஐரோப்பியர், தேயிலைத் தரகர். அதை எழுதியவர்களில் ஒருவர் கொழும்புப் பற்றீரியவியல் நிறுவனத்தைச் சேர்ந்த லூசியஸ் நிக்கல்ஸ். அந்த நிறுவனம்தான் பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. அதற்குப் பிறகு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில பதிவுகள். இலங்கையில் மெலியோய்டோசிஸ் இல்லை என்றே மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டது. அதே மழை, அதே நெல், அதே நீரிழிவு உள்ள தாய்லாந்தில் ஆயிரக்கணக்கில். இங்கே கிட்டத்தட்ட பூச்சியம்.

2006 தொடக்கம் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஏனோக்கா கொறயாவும் பேராதனையிலும் பிற ஆய்வுகூடங்களிலும் இருந்த நுண்ணங்கியியலாளர்களும் தேடத் தொடங்கினார்கள். மருத்துவமனை ஆய்வுகூடங்களுக்குக் கிருமியின் முகத்தைக் காட்டிக்கொடுத்தார்கள். சந்தேகமானதை அனுப்பச் சொன்னார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வளர்ப்பில் உறுதியான நோயாளிகள் இருநூற்றைம்பது அளவில் சேர்ந்துவிட்டார்கள். மேற்கு, வடமேற்குக் கரைகளிலிருந்தும் வந்தார்கள், மட்டக்களப்பிலிருந்தும் வந்தார்கள். நோய் அந்தப் பத்தாண்டில் கப்பலேறி வரவில்லை. முன்னமே பிளேட்டில் இருந்ததுதான். சில வேளை ‘சூடோமோனாஸ் இனம்’ என்று எழுதப்பட்டது, சில வேளை மாசு என்று குப்பைக்குப் போனது. தானியங்கிக் கருவிகள் கூட அதன் நெருங்கிய உறவான பேர்க்ஹோல்டேரியா செபாசியா என்று பெயரை மாற்றிச் சொல்வதுண்டு. இன்னும் பல வேளை, பிளேட்டிலேயே அது எழும்பியிருக்காது.

* * *

எழும்பாமல் போவது எப்படி? இரத்தத்தில் இந்தக் கிருமி தனியாக இருந்தால் எந்தச் சாதாரண ஊடகத்திலும் வளரும். பெரிய கேட்பு எதுவும் அதற்கு இல்லை. சளியிலும் தொண்டைத் துடைப்பிலும் அது தனியாக இருப்பதில்லை. நம் வாயின் நூறு வகைக் குடிகளோடு சேர்ந்து வருகிறது. அவை ஒரே இரவில் பிளேட்டை மூடிவிடும். இது மெதுவாக, இரண்டு நாள் கழித்து, வெறும் புள்ளியாகத் தலைகாட்டும். அதற்கென்று தனி ஊடகம் ஒன்றை அவுஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் இருந்த எல். ஆர். அஷ்டவுண் 1979இல் வெளியிட்டார். சோயா ஏகார், நூற்றுக்கு நான்கு பங்கு கிளிசரோல், ஒரு லீற்றருக்கு 5 மில்லிகிராம் கிறிஸ்டல் வயலட், 50 மில்லிகிராம் நியூட்ரல் ரெட், 4 மில்லிகிராம் ஜென்டாமைசின். கிறிஸ்டல் வயலட் ஒரு சாராரை நிறுத்துகிறது, ஜென்டாமைசின் மற்றச் சாராரை. நியூட்ரல் ரெட் சாயத்தை உறிஞ்சி, கிளிசரோலைத் தின்று, தேடுகிற கிருமி நாலைந்து நாளில் ஊதா நிறத்தில் உலர்ந்து மடிப்பு விழுந்த பூப்போலத் திறக்கும். ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

இந்த ஐந்து சாமானில் எது பிசகினாலும் என்ன ஆகும் என்பதில்தான் தரக்கட்டுப்பாட்டின் சூட்சுமம் இருக்கிறது. ஜென்டாமைசினை எடுத்துக்கொள்வோம். லீற்றருக்கு 4 மில்லிகிராம் என்பதை நேரே நிறுக்க முடியாது. செறிந்த கரைசல் ஒன்று செய்து, அதிலிருந்து நுண்குழாயால் எடுத்துவிட வேண்டும். தசமப் புள்ளி ஓரிடம் இடப்பக்கம் நகர்ந்தால் மருந்து பத்திலொன்று. மறுநாளே தெரிந்துவிடும்: தொண்டைக் கிருமிகள் எல்லாம் பிளேட்டில் திருவிழாக் கொண்டாடும், எம்.எல்.ரி. எனப்படும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளருக்குச் சந்தேகம் வரும், ஊடகத்தைக் கொட்டிவிடுவார். புள்ளி வலப்பக்கம் நகர்ந்தால் மருந்து பத்து மடங்கு. அப்போது எதுவும் வளராது, தேடுகிற கிருமியும் சேர்த்துத் திணறலாம். பிளேட் பளிச்சென்று இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ‘எதுவும் வளரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். ஊடகப் பிழைகளில் ஆபத்தானது இந்த இரண்டாவது வகைதான். முதல் வகை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். இரண்டாவது வகை நல்ல செய்தியின் உடுப்பில் வருகிறது.

தண்ணீரும் இப்படித்தான். வாவியை ஒட்டிய கிணறுகளில் உவர்ப்பு, குழாய் நீரில் குளோரின். இரண்டும் ஊடகத்துக்கு ஆகாது. வடித்த அல்லது அயன் நீக்கிய நீர்தான் வேண்டும். வடிகலனில் செம்பு இருந்தால் நீரில் கசியும் செம்பே சில கிருமிகளுக்கு நஞ்சு. ஊடகத் தூள் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. மார்கழியில் மூடி சரியாக இறுகாத போத்தலில் அது கட்டி தட்டிப் போகும். கட்டி தட்டிய தூளை நிறுத்தால் நிறையில் ஒரு பங்கு தண்ணீர், ஊடகம் நீர்த்துப் போகும். அழுத்தத்தில் அவிக்கிற ஓட்டோகிளேவ் 121 பாகையில் 15 நிமிடம் என்பது எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. எழுதாமல் விடுவது, இரண்டு லீற்றர் குடுவையின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பது. அதற்காகக் கூடுதலாக நேரம் வைத்தால் ஓரத்தில் இருப்பது வெந்து கருகும்: சீனியும் புரதமும் சேர்ந்து கபில நிறமாகும், அமிலத்தன்மை கூடும், ஏகார் வலுவிழந்து பிளேட் கண்ணீர் விடும். சின்னக் குடுவைகளில் பிரித்து வைப்பதே புத்தி. அவசரத்துக்கு மறுபடி உருக்குவதையும் நான் ஏற்க மாட்டேன். உருக்க உருக்க ஊடகத்தின் மேல் நம்பிக்கை குறையும்.

ஊற்றி உறைந்த பிறகு சோதனை. முதலில் சுத்தம். நூறு பிளேட் ஊற்றினால் ஐந்தை எடுத்து, எதையும் இடாமல், 35 பாகையில் ஓரிரு நாள் வைத்துப் பார்க்கிறார்கள். அதில் ஏதாவது முளைத்தால் முழுத் தொகுதியும் கழிவு. அஷ்டவுண் போன்ற தடுப்பு ஊடகத்தில் இதிலும் ஒரு பொறி உண்டு. உள்ளே புகுந்த மாசுக் கிருமி சாகாமல், வளரவும் முடியாமல் பதுங்கிக் கிடக்கலாம். அதை எடுத்துச் சாதாரண ஏகாரில் தீட்டும்போதுதான் எழும்பும். அப்போது நோயாளியிடமிருந்து வந்தது போல வேஷம் போடும்.

அடுத்தது ருசிப் பரீட்சை: தெரிந்த கிருமியை இட்டுப் பார்ப்பது. பல ஆய்வுகூடங்களில் இதைச் செய்கிற விதம் பயனற்றது. வளையத்தில் அள்ளிய கிருமிக் குவியலை அப்படியே பிளேட்டில் தீட்டினால், அதில் இருப்பது கோடிக்கணக்கான உயிர். அத்தனை பேரை இறக்கினால் பாலைவனத்திலும் சிலர் பிழைப்பார்கள். பிளேட் நிறைய வளரும், ‘தேறியது’ என்று குறிப்பேட்டில் எழுதலாம். நோயாளியின் சளியில் வருவது கோடியல்ல. சில வேளை பத்துப் பதினைந்து கலங்கள், அதுவும் மருந்து ஊசி வாங்கிக் களைத்தவை. ஆகவே வளர்க்கும் திறனைச் சோதிக்க 100க்கு உட்பட்ட கலங்களைத்தான் இட வேண்டும். உணவு, நீர் ஆய்வுகூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 11133 என்ற தரநிலை இதை எண்ணிப் பார்க்கச் சொல்கிறது: ஒரே கரைசலிலிருந்து ஒரே அளவை, நன்றாக அறிந்த சாதாரண ஊடகத்திலும் சோதிக்கிற தடுப்பு ஊடகத்திலும் இடு, முன்னதில் 80 கொலனி வந்தால் பின்னதில் குறைந்தது 40 வர வேண்டும். தடுக்கும் திறனைப் பார்க்கும்போது எதிர்மாறு. அங்கே பல ஆயிரமாக இட்டு, அத்தனையும் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வளர வேண்டியதைக் கொஞ்சமாக இடு, அடங்க வேண்டியதை நிறைய இடு. தரக்கட்டுப்பாட்டில் ஒரே ஒரு விடயத்தை மனதில் வைப்பதென்றால் நான் இதைத்தான் வைப்பேன்.

இடுகிற கிருமிகளுக்கு ஊர் பெயர் எல்லாம் உண்டு. ஏ.ரி.சி.சி. என்ற அமெரிக்கக் கிருமிச் சேமிப்பகத்தின் 25922ஆம் எண் ஈ. கோலை, சியாட்டில் நகரில் 1946இல் எடுக்கப்பட்டது. அதன் பிள்ளைகள்தான் உலகெங்கும் ஆய்வுகூடங்களின் உறைபெட்டிகளில் கிளிசரோலில் அமிழ்ந்து கிடக்கின்றன. அவற்றை வாரத்துக்கு ஒரு முறை வெளியில் எடுத்து, அதிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று தொடர்ந்து பெருக்கினால் குணம் மாறும். மருந்தெதிர்ப்புக்காக வைத்திருக்கும் ஈ. கோலை ஒன்று சில தலைமுறைகளில் அந்த எதிர்ப்பையே உதிர்த்துவிடுவது பெயர்பெற்ற தொல்லை. அதனால் மூலத்திலிருந்து எத்தனையாவது தலைமுறை என்று கணக்கு வைக்கிறார்கள்.

அஷ்டவுண் ஊடகத்தைச் சோதிக்க யாரை அழைப்பது? நியாயப்படி பேர்க்ஹோல்டேரியா சூடோமாலையையே. ஆனால் அதை வளர்த்துக் கையாள மூன்றாம் நிலைப் பாதுகாப்பு வேண்டும். அமெரிக்கா அதை உயிரியல் ஆயுதமாகக்கூடிய கிருமிகளின் முதல் வரிசையில் பூட்டி வைத்திருக்கிறது. மாவட்ட மருத்துவமனை ஒன்று, சோதனைக்கு என்று அதை உறைபெட்டியில் வைத்திருப்பது பொறுப்பான செயலாகாது. தாய்லாந்தின் வயல் மண்ணிலிருந்து கிடைத்து, 1998இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட பேர்க்ஹோல்டேரியா தாய்லாண்டென்சிஸ் ஒரு வழி. சாயலில் சகோதரன், ஜென்டாமைசினைத் தாங்கும், மனிதரை மிக அரிதாகவே நோயாக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் பேர்க்ஹோல்டேரியா செபாசியா. அடங்க வேண்டிய பக்கத்துக்கு அந்தச் சியாட்டில் ஈ. கோலை. பதிலாள் வைத்து நடத்தும் பரீட்சைதான் என்றாலும், தசமப் புள்ளிப் பிழையை அது பிடித்துவிடும்.

பிடிக்காத ஒன்றும் இருக்கிறது. போர்னியோத் தீவின் சரவாக் மாநிலத்தில் எடுத்த கிருமிகளைப் பற்றி 2014இல் ஒரு கட்டுரை வந்தது. அங்குள்ள பேர்க்ஹோல்டேரியா சூடோமாலையில் 86 சதவீதம் ஜென்டாமைசினுக்குப் பணிந்தது. மருந்தைக் கலத்திலிருந்து வெளியே இறைக்கும் புரதக் குழாயில் ஒரு மாற்றம், அவ்வளவுதான். சரவாக்கில் அஷ்டவுண் பிளேட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிறை சரி, தண்ணீர் சரி, சூடு சரி, சகோதரக் கிருமி நன்றாக வளர்ந்தது, ஈ. கோலை அடங்கியது. எல்லாப் பரீட்சையும் தேறிய அந்தப் பிளேட்டில் அந்த ஊர் நோயாளியின் கிருமி பெரும்பாலும் வளராது. ஊடகம் கேட்ட கேள்வியே அந்த ஊருக்குப் பிழை. இலங்கையில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை ஜென்டாமைசினைத் தாங்குபவைதான் என்றாலும், சந்தேகமான நோயாளியின் மாதிரியை ஜென்டாமைசின் இல்லாத பிளேட் ஒன்றிலும் பக்கத்திலேயே இட்டு வைப்பது சரவாக் கற்றுத்தந்த வழக்கம். செலவு ஒரு பிளேட்.

* * *

கிருமி முளைத்துவிட்டது, பெயரும் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிழமை செப்டாசிடிம் ஊசி; பிறகு குறைந்தது மூன்று மாதம் கோ-ட்ரைமொக்ஸசோல் குளிசை. அந்தக் குளிசை இந்தக் கிருமிக்கு ஏறுமா என்று பார்க்கிற சோதனை நடப்பது வேறொரு ஊடகத்தில், முல்லர்–ஹின்ரன் ஏகாரில்.

1941இல் ஹார்வார்டில் அதை உருவாக்கிய இருவரில் ஜேன் ஹின்ரன் அப்போது இளம் ஆய்வுகூட உதவியாளர், கறுப்பினப் பெண். பின்னர் 1949இல் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இரு கறுப்பினப் பெண்களில் ஒருவர். அவர்கள் அதைச் செய்தது மருந்துச் சோதனைக்காக அல்ல. மேகவெட்டைக் கிருமியையும் மூளைக்காய்ச்சல் கிருமியையும் வளர்க்கத்தான். கிருமிக்குத் தீங்கான பொருட்களை உறிஞ்சிக்கொள்ள அதில் மாப்பொருள் சேர்த்தார்கள். 1966இல் சியாட்டிலில் பவரும் கர்பியும், மருந்து ஊறிய வில்லையைக் கிருமி பரப்பிய கிண்ணத்தில் வைத்து, சுற்றிலும் எதுவும் வளராத வெற்றிடத்தை அளக்கும் சோதனையை ஒழுங்குபடுத்தியபோது இந்த ஊடகம் கைக்கு வந்தது, நிலைத்துவிட்டது. ஒரு காரியத்துக்குச் செய்தது வேறொரு காரியத்துக்கு உலக அளவுகோலாகிவிட்டதால், அதன் ஒவ்வொரு அசைவையும் காவல் காக்க வேண்டியிருக்கிறது. கிண்ணத்தில் நான்கு மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும். மெல்லியதாக ஊற்றினால் மருந்து அகலப் பரவி, ஏறாத மருந்து ஏறுவது போலத் தெரியும். தடிப்பாக ஊற்றினால் மறுதலை. பி.எச். 7.2க்கும் 7.4க்கும் இடையில் வேண்டும். அமிலப் பக்கம் சாய்ந்தால் ஜென்டாமைசின் வலுவிழந்தது போலவும் டெட்ராசைக்கிளின் வலுப்பெற்றது போலவும் காட்டும். கல்சியமும் மக்னீசியமும் கூடினால் சூடோமோனாஸ் ஜென்டாமைசினை எதிர்ப்பது போல நடிக்கும். சியாட்டில் ஈ. கோலையைச் சுற்றி ஜென்டாமைசின் வில்லை 19 முதல் 26 மில்லிமீற்றர் வரை வெற்றிடம் விட வேண்டும். அதற்கு வெளியே போனால் அன்றைய நோயாளிகளின் முடிவுகள் எதையும் வெளியிடக்கூடாது.

கோ-ட்ரைமொக்ஸசோலுக்குத் தனியாக ஒரு வில்லன்: தைமிடின். இந்த மருந்து கொல்வது, கிருமி டி.என்.ஏ. செய்யத் தேவையான தைமிடினை உண்டாக்கவிடாமல் தடுத்து. ஊடகத்தின் இறைச்சிச் சாற்றில் தைமிடின் ஏற்கெனவே கரைந்து கிடந்தால் கிருமி அதை எடுத்துக்கொண்டு பிழைத்துவிடும். வில்லையைச் சுற்றி மங்கலாக வளர்ந்து நிற்கும். படிக்கிறவர் ‘எதிர்ப்பு’ என்று எழுதுவார். மூன்று மாதம் சாப்பிட வேண்டிய மலிவான, வேலை செய்யக்கூடிய குளிசை அந்த ஒரு சொல்லால் நோயாளியின் கையிலிருந்து போய்விடும். பேர்க்ஹோல்டேரியா சூடோமாலையில் இந்த வில்லையைப் படிப்பது வழக்கமாகவே கடினம், எதிர்ப்பை மிகைப்படுத்திக் காட்டும். தைமிடினும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். இதற்கான பரீட்சை எளிது. என்டரோகொக்கஸ் ஃபீகாலிஸ் ஏ.ரி.சி.சி. 29212 என்ற கிருமியைப் பரப்பி, கோ-ட்ரைமொக்ஸசோல் வில்லையை வை. 20 மில்லிமீற்றருக்குக் குறையாத, உள்ளே தூசி போன்ற வளர்ச்சி இல்லாத வெற்றிடம் வந்தால் ஊடகத்தில் தைமிடின் கேடு இல்லை. ஒரு தூள் டப்பாவுக்கு ஒரு முறை செய்தால் போதும்.

ஆயத்தமாக ஊற்றி விற்கும் பிளேட்டுகளை வாங்கினால் இந்த வேலை எல்லாம் மிச்சம் என்பார்கள். அமெரிக்காவின் மருத்துவ ஆய்வுகூடத் தரநிலை அமைப்பும் அப்படித்தான் சொன்னது: பெரிய கம்பனிகளின் பெரும்பாலான ஊடகங்கள் அரிதாகவே தவறுவதால், வாங்குகிற ஆய்வுகூடம் ஒவ்வொன்றையும் மறுபடி சோதிக்கத் தேவையில்லை, இரத்தம் சேர்த்துச் செய்யும் சாக்லேட் ஏகார் போன்ற சிலவற்றை மட்டும் சோதித்தால் போதும். குளிரூட்டிய வண்டியில் ஒரே இரவில் பிளேட் வந்து சேருகிற நாட்டுக்கு அது பொருந்தும். கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றர் வெயிலில் வருகிற பெட்டிக்குத் தொழிற்சாலைச் சான்றிதழ் பாதி வழி வரைதான் பேசும். 2022 பங்குனி கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படியான நாளில் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டிய பிளேட்டும் 35 பாகையில் இருக்க வேண்டிய அடைகாப்பியும் ஜெனரேட்டர் இல்லாத இடத்தில் ஒரே சூட்டை நோக்கி நகரும். வந்த பெட்டி ஒவ்வொன்றிலும் இரண்டு பிளேட்டையாவது இங்கே ஒரு முறை ருசி பார்க்க விடுவது வீண் செலவு என்று நான் நினைக்கவில்லை.

கடைசியாக, அஷ்டவுண் பிளேட்டுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல். மற்ற பிளேட்டுகளை இரண்டு நாளில் பார்த்து எறிந்துவிடலாம். இதை ஏழு நாள் வரை வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பூப்போன்ற அந்த மடிப்பு பிந்தித்தான் விழும். 35 பாகை அடைகாப்பியில் ஏழு நாளில் ஏகார் காய்ந்து விளிம்பு சுருங்கும், தடுப்பு மருந்து செறிந்து கூடும், அரைகுறையாக எழும்பிய கொலனி நின்றுவிடும். அதனால் சோதனைக் கிருமியை இட்ட பிளேட்டையும் மறுநாளே பார்த்துத் தேறியது என்று எழுதாமல், நோயாளியின் பிளேட்டோடு ஒரே தட்டில், ஏழாம் நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும். பிளேட்டைக் கவிழ்த்து பொலித்தீன் பையில் போட்டு, கூடவே நனைத்த பஞ்சு ஒன்றையும் வைத்துக் கட்டினால் ஈரம் நிற்கும்.